அடிக்கவில்லை, உலுக்கத்தான் செய்தார்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து எங்களோடு இருக்கிறாள். பேரனுக்கு ஏழு வாரம். பொழுது சாய்ந்தால் வீல் வீலென்று கத்த ஆரம்பித்து ஒன்பது மணி வரை ஓயமாட்டான். மாப்பிள்ளை அறுவடை மெஷின் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை வருவார். போன வாரம் பிள்ளை கத்தக் கத்த, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கியதைப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். "நான் அடிக்கவா செஞ்சேன்?" என்று கோபித்துக்கொண்டார். மறுநாள் குளிப்பாட்டும்போது பார்த்தால் காதுமடலில் கன்றிப்போன மாதிரி ஒரு தடம். கொசு கடித்தது என்கிறாள் மகள். பிள்ளைக்குச் சுளுக்கு, உரம் விழுந்திருக்கிறது, எடுக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரம்மா. கார்த்திகையில் எங்கள் தெருவிலேயே மூன்று மாதப் பெண் குழந்தை ஒன்று செத்துப்போயிற்று. தூளியிலிருந்து விழுந்துவிட்டது என்றார்கள். தலைக்குள் ரத்தம் என்று டாக்டர்கள் சொல்ல, போலீஸ் வந்தது. பிள்ளை உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஊரே டாக்டர்களைத் திட்டித் தீர்த்தது, நானும்தான் திட்டினேன். வெளியே காயமே இல்லாமல் ஒரு பிள்ளை எப்படிச் சாகும்? இப்போது அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. வாயைத் திறந்தால் மகள் வாழ்க்கை என்னவாகும்?

பதில்: அம்மா, இந்தப் பக்கம் வெளியாகும் வரை வைத்திருக்கக்கூடிய கடிதம் இல்லை உங்களுடையது. கீழே போன் நம்பர் எழுதியிருந்ததால் படித்த அன்றே கூப்பிட்டுப் பேசினேன். பேரனை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனீர்கள். அவனுக்கு என்ன பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியது, இங்கே எழுதப்போவதில்லை. ஊர்ப்பெயரையும் எடுத்துவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டவை டெல்டா முழுக்கப் பல வீடுகளில் வாய்க்குள்ளேயே முழுங்கப்படுகிற கேள்விகள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

வெளியே காயம் இல்லாமல் எப்படிச் சாகும் என்று கேட்டீர்கள். பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் கால் பங்கு. நமக்கு அது எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்குகிற கழுத்தோ வாழைத்தண்டு மாதிரி. மூளையில் தண்ணீர்ச் சத்து அதிகம், வெண்ணெய்போல மெத்தென்று இருக்கும். மூளையின் மேற்பரப்பிலிருந்து அதைச் சுற்றியுள்ள உறைக்குப் போகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் உண்டு. தோளையோ விலாவையோ பிடித்து வேகமாக உலுக்கும்போது தலை முன்னும் பின்னுமாக வீசப்படுகிறது. மண்டை ஒரு பக்கம் போக, உள்ளே மூளை ஒரு கணம் பிந்திப் போகிறது. அந்த இழுப்பில் குழாய்கள் அறுந்து ரத்தம் கசிகிறது, கண்ணின் விழித்திரையிலும் கசியலாம். மூச்சு தடுமாறி, மூளை வீங்கத் தொடங்கினால் அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். இதெல்லாம் நடக்கச் சில விநாடிகள் போதும். தோலில் பல சமயம் ஒன்றுமே தெரியாது.

இப்படி அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று இறந்துவிடுகிறது. பிழைத்ததில் பலவும் கண் பார்வை போய், வலிப்பு வந்து, கைகால் இறுகிப்போய் வளர்கின்றன. அந்தப் பிள்ளைகளை மூன்று வயதில், நாலு வயதில் "இன்னும் பேச்சு வரலை டாக்டர்" என்று தூக்கி வருவார்கள். பழைய கதையை யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மாப்பிள்ளை சொன்னது போன்ற பேச்சு, இந்த விஷயத்தைப் பற்றிய ஆரம்பகால மருத்துவக் கட்டுரையிலேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தில் ஹல் என்ற ஊரில் குத்கெல்ச் என்று ஒரு மூளை அறுவை மருத்துவர் இருந்தார். மண்டையில் அடிபட்ட அடையாளமே இல்லாமல் தலைக்குள் ரத்தம் கட்டிய கைக்குழந்தைகளைப் பார்த்தவர், உலுக்கினீர்களா என்று பெற்றோரையே கேட்டார். 1971-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். அடிப்பதைத்தான் தப்பு என்று அந்த ஊர்ப் பெற்றோர் நினைத்தார்கள், உலுக்குவது பெரிய விஷயமாகவே அவர்களுக்குப் படவில்லை என்பதையும் அதில் குறிப்பிட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெண்ணாற்றங்கரையிலும் அதே பேச்சுதான். கையை ஓங்கவில்லை, பிரம்பை எடுக்கவில்லை, அதனால் அடி இல்லை என்று மனசு ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. உலுக்கினால் குழந்தை அழுகையை நிறுத்திவிடும். சமாதானமாகி நிறுத்துவதில்லை, மூளை கலங்கி ஓய்ந்துபோகிறது. உலுக்கியவருக்கோ, "அப்பாடா, அடங்கிட்டான்" என்று தோன்றும். மறுநாள் அழுதால் மறுபடி கை தானாகப் போகும். பிரான்ஸில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், உலுக்கியதாக ஒப்புக்கொண்ட 29 பேருடைய வாக்குமூலங்களை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட வழக்குகளில் அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. காரணம் கேட்டால், குழந்தை அமைதியாகிவிடுகிறதே என்பதுதான் பதில். போன ஞாயிறு நீங்கள் ஓடிப்போய் வாங்கியதை ஏன் பெரிய காரியம் என்று போனில் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அடுத்து தூளிக்கு வருவோம். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுத் தூளியை அவிழ்த்துவிடாதீர்கள். தூளியில் ஆட்டுவதாலோ, மடியில் போட்டுக் குதிக்க வைப்பதாலோ, நம்மூர் ரோட்டில் டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவதாலோ இந்தக் காயம் வராது. நான் சொல்வது, பக்கத்தில் நின்று பார்ப்பவர் "ஐயோ, என்ன பண்றே!" என்று அலறக்கூடிய வேகம். தூளியிலிருந்து பிள்ளைகள் விழுவதும் உண்டுதான். முடிச்சு அவிழ்ந்து, உத்திரத்துக் கொக்கி கழன்று விழுந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தலையில் புடைப்பு, சில சமயம் மண்டை ஓட்டில் கீறல் விரிசல், ஒரு நாள் அட்மிஷன், அப்புறம் வீடு. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து குழந்தை இறப்பது மிக மிக அபூர்வம். ஐந்தடிக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுந்து இறப்பது ஆண்டுக்குப் பத்து லட்சம் சிறுபிள்ளைகளில் ஒன்றுக்கும் கீழே என்று 2008-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே "தூளியிலிருந்து விழுந்தது" என்று சொல்லி, தலைக்குள் பரவலாக ரத்தத்தோடும் விழித்திரை முழுக்க ரத்தப் புள்ளிகளோடும் ஒரு குழந்தை வந்தால், மருத்துவருக்குச் சந்தேகம் வராமல் இருக்க முடியாது. ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், எழுதிப் போலீசுக்குத் தகவல் கொடுப்பது அவர் வேலை. யார் மேலோ உள்ள பகையால் செய்வதில்லை.

அதற்காக மருத்துவர் சொன்னாலே அது கொலை என்றும் ஆகாது. உங்கள் தெருக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதைப் பார்க்காமல் பேசுவது தப்பு. பிறந்தவுடன் போடுகிற வைட்டமின் கே ஊசி தவறிப்போன, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு முதல் சில மாதங்களில் தானாகவே தலைக்குள் ரத்தம் கசியலாம். ரத்தம் உறையாத பரம்பரை நோய்கள் இருக்கின்றன. அபூர்வமான வளர்சிதை மாற்றக் குறைபாடுகளும் உண்டு. பிரசவத்தின்போதே லேசாகக் கசிந்து, பெரும்பாலும் முதல் மாதத்தில் தானே கரைந்துபோவதும் உண்டு. அதனால்தான் ரத்தம் உறையும் நேரம் பார்ப்பார்கள், உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுத்து விலா எலும்பின் பின்பக்கம் பழைய முறிவு இருக்கிறதா என்று தேடுவார்கள், கண் மருத்துவரைக் கூப்பிட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்வார்கள். அந்த குத்கெல்ச்சே தள்ளாத வயதில், சில வழக்குகளில் மருத்துவர்கள் அவசரப்பட்டு முடிவுகட்டிவிடுகிறார்கள் என்று கவலைப்பட்டார். நியாயமான கவலை. எல்லாப் பரிசோதனையும் செய்து, எல்லோரையும் கேட்டு, அப்புறம்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆனால் "மேலே கீறல் இல்லையே" என்ற ஒரே காரணத்தை வைத்து ஊர் தீர்ப்பு சொல்வதும் அதே அவசரம்தான்.

சரி, காதுமடல். இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஒரு முறை தோற்றிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐப்பசி மழை, வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். பத்து வாரக் குழந்தை ஒன்று வாந்தி என்று வந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை, சோர்ந்திருந்தது. தாடைக்குக் கீழே காசளவு நீலம். "அண்ணன்காரன் கிள்ளிட்டான்" என்றார்கள். அண்ணனுக்கு இரண்டு வயது. சரி என்று எழுதிவிட்டு, செரிமானக் கோளாறு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினேன். பதினொரு நாள் கழித்து அதே குழந்தை வலிப்போடு வந்தது. உச்சிக்குழி புடைத்துப் பாறை மாதிரி இருந்தது. விடிவதற்குள் போய்விட்டது. இன்றைக்கும் வாந்தி எடுத்துச் சோர்ந்த கைக்குழந்தை எதைப் பார்த்தாலும் முதலில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாடைக்குக் கீழேயும் காதுக்குப் பின்னாலேயும்தான் பார்க்கிறேன்.

இது என் ஒருத்தியின் தவறு மட்டுமில்லை என்பது பின்னாளில் தெரிந்தது, அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. 1999-இல் அமெரிக்காவில், இப்படித் தலையில் காயப்படுத்தப்பட்ட 173 குழந்தைகளின் பழைய சீட்டுகளைப் புரட்டினார்கள். அவற்றில் 54 குழந்தைகளை முதல் தடவை பார்த்த மருத்துவர் தவறவிட்டிருந்தார். வயிற்றுக் கோளாறு, வைரஸ் காய்ச்சல் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். 2013-இல் வந்த இன்னொரு ஆய்வில், கொடுமைக்கு ஆளானது உறுதியான 200 கைக்குழந்தைகளில் 55 பேருக்கு அதற்கு முன்பே ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது. ஒரு ரத்தக்கட்டு, வாய்க்குள் ஒரு கிழிசல், அவ்வளவுதான். வீட்டில் யாரோ பார்த்திருக்கிறார்கள், ஏதோ ஒரு காரணம் சொல்லப்பட்டு, அதோடு முடிந்திருக்கிறது.

ஏழு வாரக் குழந்தையால் புரளக்கூட முடியாது. எங்கேயும் போய் இடித்துக்கொள்ள முடியாது. அதனால் நாலு மாதம் நிறையாத குழந்தையின் உடம்பில் எந்த இடத்தில் ரத்தக்கட்டு இருந்தாலும் காரணம் தெரியும் வரை அதை விடக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விதி. நாலு வயது வரைகூட, காது, கழுத்து, வயிறு, முதுகு என்றால் சந்தேகப்பட வேண்டும். ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடும், காதுமடலில் சும்மா படாது. கொசுக்கடி தடித்துச் சிவக்கும், இரண்டு நாளில் வற்றும். ரத்தக்கட்டு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறையும். ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பாதீர்கள். நம் பிள்ளைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே, முதுகில், சாம்பல் கலந்த நீலத்தில் மச்சம் போலப் படர்ந்திருக்கும். அது காயம் இல்லை, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

பேரனின் அழுகைக்கு வருகிறேன். இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். பிராசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 80 கைக்குழந்தைகளின் தாய்மாரைத் தினமும் குறித்துவைக்கச் சொல்லி, 1962-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் உச்சத்துக்கு வருகிறது. அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரம். பெரும்பாலும் சாயங்காலம். மூன்று, நாலு மாதத்துக்குள் தானாகவே இறங்கிவிடுகிறது. உங்கள் பேரனுக்கு ஏழு வாரம், பொழுது சாய்ந்தால் மூன்று மணி நேரம். பாடப்புத்தகத்தில் எழுதினது மாதிரி அழுகிறான்! அவன் ஆரோக்கியமாக இருந்து, பால் குடித்து, எடை கூடி வந்தால், அந்த அழுகைக்கு யாரும் பழி இல்லை. பால் பற்றவில்லை என்று மகளையும் குறை சொல்லாதீர்கள்.

முதலில் பசியா, ஈரமா, புழுக்கமா என்று பாருங்கள். கால்விரலில் தலைமுடி சுற்றி இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடக்கும். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் தோளில் போடுங்கள், வெற்று மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், தூளியில் மெதுவாக ஆட்டுங்கள், தாலாட்டுங்கள். எல்லாம் செய்தும் கத்துகிறானா? தரையில் பாயை விரித்து மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, பத்து நிமிஷம் திண்ணையில் போய் உட்காருங்கள். அழுதழுது எந்தக் குழந்தையும் பத்து நிமிஷத்தில் செத்துப்போவதில்லை. கை நடுங்குகிற அளவுக்குக் கோபத்தில் இருக்கும் பெரியவர் கையில் இருப்பதைவிட, பாயில் தனியாக அழுவது அவனுக்குப் பத்திரம். "பிள்ளையைக் கதறவிட்டுட்டு வெளியே நிக்கிறா பாரு" என்று யாராவது சொன்னால், டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

உரம் எடுப்பது வேண்டாம், அம்மா. சின்ன வயதில் எங்கள் அப்பாயி செய்து பார்த்தவள்தான் நானும். வேட்டியில் போட்டு இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து உருட்டுவார்கள், முறத்தில் போட்டுப் புடைப்பார்கள், சிலர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஓர் உதறு உதறுவார்கள். செய்கிறவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள், அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறு வாரத்தில் உச்சத்துக்கு ஏறிய அழுகை எப்படியும் இறங்கத்தான் போகிறது. அந்த நேரத்தில் எடுத்த உரத்துக்கு நல்ல பேர் போய்ச் சேர்கிறது. கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவதும் உதறுவதும், அன்பாலோ கோபத்தாலோ, அந்தக் கழுத்துக்கு ஒன்றுதான்.

இனி மாப்பிள்ளை விஷயம். உலுக்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், குழந்தையின் அப்பாவே அதிகம் என்று பல நாட்டுக் கணக்குகளும் சொல்கின்றன. அவர்களில் எல்லோரும் குடிகாரர்களோ ராட்சசர்களோ இல்லை. சம்பா அறுவடை நேரத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில், கத்துகிற குழந்தையோடு ஓர் அறையில் இருக்கிற மனிதரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. பிரசவம் முடிந்து நாங்கள் சொல்கிற புத்திமதியெல்லாம் தாய்க்கும் பாட்டிக்கும்தான் போகிறது, அப்பா வாசலில் பைக்கில் உட்கார்ந்திருப்பார். அது எங்கள் குறை. ஆனால் புரிந்துகொள்வது வேறு, பிள்ளையை நம்பி விடுவது வேறு. காதில் தடம் எப்படி வந்தது என்று மருத்துவரும் சமூகப் பணியாளரும் பார்த்து முடிக்கும் வரை குழந்தை அவரோடு தனியாக ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. மூன்றாம் மாதம் கொண்டுபோய் விடுகிற சம்பிரதாயத்தையும் தள்ளிப்போடுங்கள். நல்ல நாள் சரியில்லை என்று சொன்னால் நம் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

மகளிடம் "உன் புருஷன் அப்படிப்பட்டவன்" என்று ஆரம்பித்தால் அவள் கொசுவைத்தான் குற்றம் சொல்லுவாள். அவளைத் தனியாக உட்காரவைத்து, அவளுக்கு என்ன பயம் என்று முதலில் கேளுங்கள். அவளையும் அடிக்கிறாரா என்று கேளுங்கள், இருந்தால் 181-க்குப் பேசலாம். தூங்குகிறாளா, அழுகிறாளா, பிள்ளையைத் தொடவே பிடிக்கவில்லை என்கிறாளா என்றும் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மனம் சோர்ந்துபோவது நோய், அதற்கு மருத்துவம் இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசுவார்கள். மாப்பிள்ளையும் அதே எண்ணைக் கூப்பிடலாம்.

குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், பேரைச் சொல்லாமலும் பேசலாம். சொன்னவுடனே விலங்கோடு வந்து நிற்பார்கள் என்று பயப்பட வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வருவார், விசாரிப்பார், தேவைப்பட்டால் குழந்தைகள் நலக் குழு முன் வைப்பார்கள். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் துன்புறுத்துவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம்தான், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தை இறந்துபோனால் அது வேறு சட்டம், வேறு தண்டனை. மகள் வாழ்க்கை என்னவாகும் என்று கேட்டீர்கள். கார்த்திகையில் குழந்தையை இழந்த உங்கள் தெருப் பெண்ணின் வாழ்க்கை இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

பேரனுக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி வருகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் சரி என்று சொன்னால் மாப்பிள்ளையையும் அன்றைக்குக் கூட்டிப் போங்கள். ஊசி போட்டால் பிள்ளை எப்படியும் கத்துவான். அந்த நேரத்தில், செவிலியர் பக்கத்தில் நிற்க, தலைக்கும் கழுத்துக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்குவதையும், முடியாதபோது கீழே கிடத்திவிட்டு நகர்வதையும் அவருக்கே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். வாசலிலேயே நின்றுகொள்கிறேன் என்பார். உள்ளே கூப்பிடுங்கள்.